நவம்பரில் கொலராடோ மலையில் எல்க் வேட்டை: எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்?

டென்வர்_தேனிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். டென்வரை ஒட்டி அரோராவில் இருக்கிறேன். ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்து அட்டை வாங்கிவிட்டேன், எல்க் மான் வேட்டை உரிமமும் கையில் இருக்கிறது. மூன்றாவது ரைஃபிள் சீசன், அதாவது நவம்பர் இரண்டாவது வாரம். அலுவலக நண்பர் ஒருவரும் நானும் மீக்கர் பக்கமிருந்து ஃப்ளாட் டாப்ஸ் வனப்பகுதிக்குள் போகிறோம். வண்டியை விட்டு இறங்கி நான்கு மைல் நடை, ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் கூடாரம், நான்கு இரவுகள். குதிரை கிடையாது, எல்லாம் முதுகில்தான்.

என்னிடம் இப்போது இருப்பது, 20 டிகிரி என்று பெயர் போட்ட, பறவையின் மென்தூவி அடைத்த ஒரு டவுன் பேக் (நான் சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட், 20 என்றால் சுமார் மைனஸ் 7 செல்சியஸ்). கோடையில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் படுத்தபோது சுகமாகவே இருந்தது. உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டில் கம்ஃபர்ட் 31, லிமிட் 20, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 12 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. அடியில் போடக் காற்று ஊதும் மேட் ஒன்று, ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 3 சொச்சம்.

நண்பர் 0 டிகிரி பேக் வாங்கு என்கிறார். கடையில் கேட்டால், இருப்பதே போதும், உள்ளே ஒரு லைனர் (மெல்லிய உள்ளுறை) போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இணையத்தில் சிலர் மைனஸ் 20 இல்லாமல் போகவே கூடாது என்கிறார்கள். 5 அடி 10 அங்குலம், 165 பவுண்டு. சீக்கிரம் குளிர் ஏறும் உடம்பு. 500 டாலர் வரை செலவழிக்க முடியும். டவுனா, செயற்கை இழை அடைத்த சிந்தெடிக்கா? எத்தனை டிகிரி? குளிர்காலத்தில் மலையில் வேட்டைக்குப் போய்த் தங்கியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மிசூலா_வாணி

தம்பிக்கு வணக்கம். மொன்டானாவில் மிசூலாவில் இருக்கிறேன், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இங்கே ஜெனரல் ரைஃபிள் சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கி தேங்க்ஸ்கிவிங் முடிந்த ஞாயிறு வரை ஐந்து வாரம் நடக்கும். என் வீட்டுக்காரரும் நானும் வருடா வருடம் பாப் மார்ஷல் வனப்பகுதிப் பக்கம் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துணிச்சீட்டு. அந்த எண்களை ஆய்வகத்தில் எடுக்கிறார்கள். மனித உடம்பு அளவில், மின்சாரத்தால் சூடேறும் ஒரு பொம்மை. அதற்கு மெல்லிய உள்ளாடையும் நீளமான சாக்ஸும் மாட்டி, நல்ல மேட்டின் மேல் கிடத்தி, பேக்குக்குள் போட்டு அளப்பார்கள். முன்பு இந்தத் தரத்தின் பெயர் ஈஎன் 13537, இப்போது ஐஎஸ்ஓ 23537. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருத்தி உடம்பைத் தளர்த்திப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் உயிர் பிழைக்கிற கணக்கு, அதை வைத்து யாரும் பேக் வாங்கக் கூடாது. ஆண்களுக்கான பேக்கில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் லிமிட் எண்தான். ஆகவே உங்களிடம் இருப்பது, சீக்கிரம் குளிர் ஏறும் உங்களுக்கு 31 டிகிரி பேக். நவம்பருக்கு அது ஆகாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. அந்தப் பொம்மைக்கு இரவு முழுக்க மின்சாரம் வருகிறது. வேட்டைக்குப் போனவருக்கு அப்படி வராது. ஆறிப்போன இட்லியை எத்தனை கம்பளியில் சுற்றி வைத்தாலும் அது சூடாகாது. பேக்கும் அப்படித்தான், உடம்பு உண்டாக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நடைப்பயணம் போகிறவர் மாலை நான்கு மணிக்குக் கூடாரம் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, உலர்ந்த உடையோடு படுக்கிறார். எல்க் வேட்டையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடியும் முன்பே கிளம்பி, மலைமேட்டில் காற்றில் அசையாமல் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கிறோம். பாட்டில் தண்ணீர் உறைந்துவிடுவதால் பாதிதான் குடித்திருப்போம். எல்க் விழுந்துவிட்டால் அன்றைய திட்டமெல்லாம் போச்சு. நல்ல ஆண் எல்க் ஒன்றில் எலும்பை நீக்கிய இறைச்சியே 200 பவுண்டு அளவுக்கு வரும். ஒவ்வொரு நடைக்கும் 60, 70 பவுண்டு முதுகில் ஏற்றி, பனியில் முழங்கால் புதைய நடந்து, வியர்வையில் நனைந்து, இரவு ஒன்பது மணிக்குக் கூடாரத்துக்குள் வந்து விழுகிறோம். சமைக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த உடம்பில் எரிக்க என்ன மிச்சம் இருக்கும்?

ஆஸ்பத்திரியில் வேட்டை மாதங்களில் உடல் வெப்பம் இறங்கிப்போய் வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் பேசினால் குளிரைவிடக் களைப்பும் பட்டினியும் ஈரமும்தான் முதலில் வெளிப்படும். அதனால் எந்த பேக் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மிக மோசமான நாளின் இரவில், சாப்பிடாமல், வியர்த்துப்போய் அதற்குள் போனால் அது உங்களைக் காப்பாற்றுமா?

ஃப்ளாட் டாப்ஸில் நவம்பரில் அந்த உயரத்தில் 0 முதல் 10 டிகிரி வரை இறங்கும் இரவுகள் சாதாரணம். பனி பெய்து முடிந்து வானம் தெளிந்தால் 0-க்குக் கீழேயும் போகும். அப்படியானால் மைனஸ் 20 வாங்கலாமே என்பீர்கள். வேண்டாம். கனம், விலை இரண்டும் கூடும். அதோடு 20 டிகிரி இரவில் அதற்குள் வியர்க்கும், அந்த வியர்வை அடுத்த இரவுகளில் உங்களையே குளிரவைக்கும். 0 டிகிரி பேக் எடுங்கள், ஆனால் தோளும் இடுப்பும் அகலமாக இருப்பதாகப் பாருங்கள். மலைமேட்டில் உட்காரும்போது போடுவதற்கு, உள்ளே அடைப்பு வைத்து உப்பிய கனமான பஃபி ஜாக்கெட்டும் பஃபி கால்சட்டையும் எப்படியும் கொண்டுபோவீர்கள் அல்லவா, அவற்றைப் போட்டுக்கொண்டே அதற்குள் படுக்க வேண்டும். பேக் இறுக்கமாக இருந்தால் ஜாக்கெட்டின் உப்பலும் போகும், பேக்கின் உப்பலும் போகும். கடையில் ஜாக்கெட்டோடு உள்ளே நுழைந்து, ஜிப்பை மேல் வரை இழுத்து, கைகளை மார்பில் கட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கழுத்தைச் சுற்றிக் காற்றை அடைக்கும் டிராஃப்ட் காலரும், ஜிப்பை ஒட்டி உள்ளே ஒரு தடித்த குழாயும் இருக்க வேண்டும். காலர் இல்லாத 0 டிகிரி பேக்கை நான் தொடவே மாட்டேன். புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சூடு கழுத்து வழியாக வெளியே போய்விடும்.

மேட் விஷயம் இன்னும் அவசரம். உங்கள் எடை அழுத்தும் இடத்தில் பேக்கின் அடிப்பாகம் தட்டையாகிவிடும், அங்கே டவுனுக்கு வேலையே இல்லை. தரைக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது மேட் மட்டுந்தான். பனித்தரைக்கு ஆர் மதிப்பு 5-க்குக் குறையக் கூடாது. ஆர் மதிப்புகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். உங்கள் 3 சொச்சத்தின் அடியில் தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் மாதிரி மடக்கும் ஃபோம் மேட் ஒன்று போட்டால் இன்னும் 2 சேரும். செலவும் அதிகம் ஆகாது. அதே ஃபோமைப் பகலில் பனியில் உட்காரவும் எடுத்துப் போகலாம், ஊதும் மேட்டில் ஓட்டை விழுந்தாலும் இரவு தரையில் கிடக்க வேண்டாம். பணம் நிறைய இருந்தால் எக்ஸ்தெர்ம் என்.எக்ஸ்.டி. வாங்கலாம், அதன் ஆர் மதிப்பு 7.3. ஆனால் உங்கள் 500-க்கு ஃபோம்தான் புத்திசாலித்தனம்.

மிச்சப் பணத்தில் பேக். ஃபெதர்ட் ஃபிரண்ட்ஸ் ஸ்னோபன்டிங்தான் நான் படுப்பது. சியாட்டிலில் தைக்கிறார்கள், 0 என்று எழுதினால் அது நிஜமான 0. வெஸ்டர்ன் மவுண்டனீரிங்கும் அப்படித்தான், எண்ணைக் கூட்டிப் போட மாட்டார்கள். இரண்டுமே 700 டாலருக்கு மேல் ஆகும். பழையது கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நன்றாக வைத்திருந்த டவுன் பத்து, பதினைந்து வருடம் தாராளமாக உழைக்கும். புதிதாகத்தான் வேண்டும் என்றால் மவுண்டன் ஹார்ட்வேர் பிஷப் பாஸ் 0, கெல்டி காஸ்மிக் 0 இரண்டும் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். கொஞ்சம் கனம் கூடுதல். நான்கு மைலுக்கு அது பெரிய குறையில்லை.

லைனர் பற்றிக் கடையில் சொன்னதை விட்டுவிடுங்கள். பேக் அழுக்காகாமல் இருக்க லைனர் நல்லது. பத்து, பதினைந்து டிகிரி சூடு கூடும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி 31 டிகிரி பேக்கோடு நவம்பர் மலைக்குப் போக வேண்டாம்.

---

அங்கரேஜ்_செல்வம்

வாணி அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். டவுன் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

அலாஸ்காவில் செப்டம்பரில் கேரிபூ மான் வேட்டைக்குப் போவோம். சிறு விமானம் ஆற்று மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், வானிலை சரியில்லை என்றால் சொன்ன நாளுக்குத் திரும்பி வராது. 35 டிகிரியில் விடாமல் மழை. 0 டிகிரி உலர்ந்த குளிரைவிட இதுதான் கொடுமை, எதுவுமே காயாது. டவுன் நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், உப்பாது. நீர் விலக்கும் பூச்சு போட்ட டவுன் ஈரக் காற்றைக் கொஞ்ச நேரம் தாங்கும், குட்டையில் விழுந்தால் அதற்கும் அதே கதிதான். சிந்தெடிக் நனைந்தாலும் பாதிக்கு மேல் உப்பலாக நிற்கும். ஈரச் சட்டையோடு உள்ளே படுத்து, உடம்புச் சூட்டிலேயே சட்டையைக் காயவைத்து எழுந்திருக்கிறவர்கள் நாங்கள். டவுன் பேக்கில் அதைச் செய்ய முடியாது.

கிஃபாரு ஸ்லிக் பேக் வைத்திருக்கிறேன். உள்ளே கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் என்ற தொடர் இழை. ஜிப் நடுவில் வரும், கரடி நடமாடும் இடத்தில் சட்டென்று எழுந்து உட்கார அது வசதி. உங்கள் ஊர்க்காரர்களான விக்கிஸ், கிராண்ட் ஜங்ஷனில் சிந்தெடிக் பேக்குகள் மட்டுமே தைக்கிறார்கள். கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 0 டிகிரி சிந்தெடிக் என்றால் நாலு, ஐந்து பவுண்டு. நல்ல டவுன் மூன்றுக்குள் முடியும். முதுகுப்பையில் இடமும் இரண்டு மடங்கு பிடிக்கும்.

முதல் தடவை போகிறவருக்கு எது பாதுகாப்பு என்று கேட்டால் நான் சிந்தெடிக் என்றுதான் சொல்வேன். பழகாத கையில் ஏதாவது ஒன்று நனையாமல் இருக்காது.

---

தண்டர்பே_தாசன்

வணக்கம் தம்பி. நாங்கள் ஒன்ராறியோவில், தண்டர் பே நகருக்கு வடக்கே மூஸ் வேட்டைக்குப் போகிற ஆட்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் குளிர் பழக வருடக்கணக்கானது. இப்போது அக்டோபர் வந்தால் வீட்டில் இருக்க மனம் கேட்காது.

எங்கள் முறை வேறு. நேர்ச்சுவர் உள்ள கான்வாஸ் வால் டென்ட், உள்ளே விறகடுப்பு. படகில் சாமான் போவதால் கனத்தைப் பற்றிக் கவலை இல்லை. உங்களுக்கு அது சரிவராது, ஆனால் அடித்தரை இல்லாத, கூம்பு வடிவ டிப்பி வகைக் கூடாரமும், சுருட்டி வைக்கிற டைட்டானியம் அடுப்பும் இருக்கின்றன. கிராண்ட் ஜங்ஷனில் சீக் அவுட்சைட் நிறுவனம் செய்கிறது. இரண்டு பேர் பிரித்துத் தூக்கினால் முதுகுக்குப் பெரிய பாரம் இல்லை. நனைந்த சாக்ஸும் கையுறையும் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். அந்த நிம்மதிக்காகவே அடுப்பு எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் நல்லாகக் கேளுங்கள். அடுப்பு இருக்கிறது என்று மெல்லிய பேக் எடுத்துப் போகக் கூடாது. அந்தச் சிறிய அடுப்பில் போட்ட விறகு ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் எரிந்து முடியும். பிறகு சில நிமிடத்தில் உள்ளே இருக்கிற குளிரும் வெளியே இருக்கிற குளிரும் ஒன்றாகிவிடும். அடுப்பு ஈரம் காயவைக்க, பேக் தூங்க. நைலோன் துணியில் ஒரு தீப்பொறி பட்டாலும் ஓட்டைதான், பேக்கை அடுப்பிலிருந்து தள்ளி விரியுங்கள். எரியும்போது மேல் வென்ட் (காற்றுத் துவாரம்) திறந்தே இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒன்றும் பையில் இருக்கட்டும். விடிய எழும்பிக் கொஞ்சம் சாக்லேட் சாப்பிட்டால் உடம்பு கெதியாகச் சூடாகும், நான் அதைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பேன்.

---

டென்வர்_தேனிக்காரன்

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. இன்னும் சில சந்தேகங்கள்.

வாணி அக்கா, செல்வம் அண்ணா சொல்வதைப் பார்த்தால் டவுன் பயமாக இருக்கிறது. இருக்கும் 20 டிகிரி டவுனுக்கு மேலே ஒரு சிந்தெடிக் குயில்ட் போர்த்தினால் என்ன? ஒரு நண்பர் அப்படித்தான் செய்கிறார். பிறகு, நான்கு நாளும் விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகுதான் திரும்புவோம், பேக்கை வெயிலில் காயப்போட ஆளே இருக்காது. பூட்ஸ் உறைந்து கல்லாகிவிடும் என்கிறார்கள், அதை என்ன செய்வது?

---

மிசூலா_வாணி

நல்ல கேள்விகள், முக்கியமாக அந்த வெயில் விஷயம். நடைப்பயணக்காரர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கைப் பாறைமேல் விரித்துக் காயவைப்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. இரவெல்லாம் உடம்பிலிருந்து வெளியேறும் ஈரம் பேக் வழியாக மேலே போய், வெளித்துணிக்குச் சற்று உள்ளே, குளிர்ந்த இடத்தில் தண்ணீராகவோ உறைபனியாகவோ தங்கிவிடும். முதல் இரவில் தெரியாது. நான்காவது இரவில் பேக் கனத்துத் தட்டையாகக் கிடக்கும்.

சிந்தெடிக் குயில்ட் யோசனை இதற்குத்தான் மிக நல்ல மருந்து. ஈரம் தங்கும் அந்தக் குளிர்ந்த இடம் வெளியே இருக்கும் சிந்தெடிக்குக்குத் தள்ளிப்போகும், டவுன் உலர்ந்தே இருக்கும். கணக்குப் போட ஒரு பழக்கமான வழி: 70-இலிருந்து குயில்ட்டின் எண்ணைக் கழித்து, அதில் பாதியை பேக்கின் எண்ணிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி குயில்ட் என்றால் 15 குறையும். உங்கள் பேக்கின் 20-ஐ வைத்துப் பார்த்தால் 5 வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் நிஜ எண் 31. அதனால் கிடைப்பது 16. மூன்றாவது சீசனுக்கு அது போதாது. இரண்டாவது சீசனுக்கு, அக்டோபர் கடைசிக்கு என்றால் சரி என்பேன். 0 டிகிரி பேக் வாங்கியபின் மோசமான வானிலைக்கு மேலே போர்த்த ஒரு குயில்ட் சேர்த்தால் இன்னும் நல்லது. அகலமான குயில்ட்டாக இருக்கட்டும், கீழே இருக்கும் டவுனை அது நசுக்கக் கூடாது.

செல்வத்தின் ஊருக்கு அவர் சொல்வதுதான் சரி, அங்கே போனால் நானும் சிந்தெடிக்தான் எடுப்பேன். கொலராடோவின் நவம்பர் உலர்ந்த குளிர். பனி தூளாக விழும், தட்டினால் போய்விடும். அங்கே டவுனை நனைப்பது மழை இல்லை தம்பி, நம் வியர்வையும் மூச்சும்தான். அந்த இரண்டையும் அடக்கிவிட்டால் டவுன் போதும்.

மூச்சு பேக்குக்குள் போகக் கூடாது. மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும், முகம் குளிர்ந்தால் மெல்லிய மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். படுப்பதற்கென்றே ஒரு ஜோடி கம்பளி உள்ளாடையும் சாக்ஸும் தனியாகக் கட்டி வைத்து, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மாற்றிக்கொண்டே படுங்கள். பருத்தி எதுவும் வேண்டாம். ஈரமான ஜாக்கெட்டை டவுனுக்குள் வைத்துக் காயவைக்காதீர்கள். மெல்லிய சாக்ஸ், கையுறை வயிற்றின்மேல் கிடந்தால் பரவாயில்லை. காலையில் கிளம்பும்போது பேக்கைச் சுருட்டி வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சூடான ஈரக் காற்றைக் கால்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக அழுத்தி வெளியேற்றிவிட்டு, மேல்துணியில் படிந்த உறைபனியைத் தட்டி, ஜிப்பைத் திறந்து விரித்துவிட்டுப் போங்கள். கூடார வென்ட் திறந்தே இருக்கட்டும். இரண்டு நிமிட வேலை. இருட்டில், கை விறைத்த நேரத்தில் விட்டுவிடத்தான் தோன்றும், ஆனாலும் செய்யுங்கள்.

பூட்ஸைக் கயிறு நன்றாகத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து விரித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பேக்கின் கால்பக்கம் வையுங்கள். இதற்காகவே பேக் உங்கள் உயரத்தைவிட ஆறு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். 5 அடி 10-க்கு ரெகுலர் அளவு இறுக்கம், லாங் வாங்குங்கள். தண்ணீர் வடிகட்டி வைத்திருந்தால் அதுவும் உள்ளே வரட்டும், குழாய் இழை வகை ஒருமுறை உறைந்தால் நம்ப முடியாது. ஃபோன், ஹெட்லாம்ப் பேட்டரி எல்லாம் அப்படியே.

படுக்கும் முன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நால்ஜீன் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சாக்ஸ் ஒன்றில் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, காலடியில் வைப்பதைவிடச் சீக்கிரம் உடம்பெங்கும் சூடு பரவும். காலையில் உறையாத குடிநீரும் கிடைக்கும். குளிரில் சிறுநீர் அதிகம் வரும், அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், அதற்கென்று அகலவாய் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடுதான் நான் மிகவும் கெஞ்சிக் கேட்கும் விஷயம். கொழுப்பு மெல்ல எரியும், விடிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கைகொடுக்கும், உடம்பின் வெப்பம் மிகவும் இறங்கும் நேரம் அதுதான், வெளியே குளிரும் விடியும் வரை ஏறிக்கொண்டே போகும். உலர்ந்த ராமென் நூடுல்ஸில் கூட இரண்டு கரண்டி நெய் ஊற்றிவிடுங்கள். நான் சின்ன பாட்டிலில் நெய் இல்லாமல் மலை ஏறுவதில்லை. தாசன் அண்ணா, சாக்லேட்டைத் தலைமாட்டில் வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் கிரிஸ்லி கரடிகள், உணவு எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது என்பது விதி. கொலராடோவில் கருங்கரடிகள்தான், நவம்பரில் பல குகைக்குள் போயிருக்கும், ஆனாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். படுக்கும் முன் வெளியே நின்று சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கூடாரத்தைப் புல்வெளியின் நடுவிலோ ஓடைக்கரையிலோ போடாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று கீழே வழிந்து அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேலே, மரங்களுக்குள் சமதரை பாருங்கள். எல்க்கும் அந்தப் புல்வெளிக்குத்தானே மேய வரும், நம் வாசனை அங்கே வேண்டாம்.

---

லேக்வுட்_முருகேசன்

ஒரு சின்னச் சேர்க்கை. வண்டிப் பக்கத்திலேயே முகாம் போடுகிறவர்களுக்கு ராணுவ மாடுலர் ஸ்லீப் சிஸ்டம் பழையது கிடைத்தால் அருமை. இரண்டு பேக், நீர் புகாத ஒரு கோர்டெக்ஸ் உறை, ஒன்றுக்குள் ஒன்று போகும். பத்து பவுண்டு எடை என்பதால் நான்கு மைல் தூக்க ஆகாது, ஆனால் நடைபாதை தொடங்கும் டிரெயில்ஹெட்டில் காரில் ஒன்று கிடக்கட்டும். இறைச்சி தூக்கி நள்ளிரவில் வண்டிக்கு வந்து, திரும்ப மேலே ஏறத் தெம்பில்லை என்றால் அங்கேயே படுத்துவிடலாம்.

அப்புறம், ரைஃபிளைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த இரும்பிலும் ஸ்கோப்பிலும் ஈரம் படியும், காலையில் வெளியே எடுத்தால் போல்ட் உறைந்துவிடும். குண்டுகளை எடுத்துவிட்டு, கூடார வாசல் முன்னறையான வெஸ்டிபியூலில், பனி படாமல் மூடி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேக்கை அந்தச் சின்ன உறையிலிருந்து எடுத்து நன்றாகக் காயவைத்து, பெரிய துணிப்பையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அமுக்கியே வைத்த டவுன் நாளடைவில் உப்பலை இழந்துவிடும்.

---

டென்வர்_தேனிக்காரன்

முடிவெடுத்துவிட்டேன். போல்டரில் ஒருவர் வெஸ்டர்ன் மவுண்டனீரிங்கின் 0 டிகிரி பேக், கோடியாக், நீளமான அளவு, 420 டாலருக்கு விற்கிறார். நேரில் போய் பஃபி ஜாக்கெட்டோடு உள்ளே படுத்துப் பார்த்தேன். தோளில் தாராளமாக இடம் இருக்கிறது, காலரும் இருக்கிறது. டவுன் எங்கும் கட்டியாகவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அறைகள் எல்லாம் நிரம்பியே இருந்தன. ஃபோம் மேட் இன்று மாலை வாங்குகிறேன். குயில்ட் அடுத்த வருடம்.

அக்டோபர் கடைசி வார இறுதியில் நண்பரும் நானும் 10,000 அடிக்கு மேல் ஓரிடத்தில் ஒரு இரவு படுக்கப் போகிறோம். பகல் முழுக்க 60 பவுண்டு உப்பு மூட்டையைத் தூக்கி நடந்து களைத்த பிறகே படுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வெப்பமானி ஒன்று கூடாரத்துக்குள், ஒன்று வெளியே. எத்தனை டிகிரி காட்டியது, எப்படித் தூங்கினேன் என்று இங்கேயே எழுதுகிறேன். வாணி அக்கா, நெய் வாங்கியாகிவிட்டது.